குடியை நிறுத்தவும் ஒரு குழு இருக்கிறது



நம் கூட்டமைப்பு மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். சிலர் தங்கள் குழு ஆரம்பித்த கதையை எழுதுகிறார்கள். சிலர் கடன் வாங்கித் தொழில் செய்து முன்னேறியதை எழுதுகிறார்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வீட்டு வேலையும் தறி வேலையும்தான் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வரலாறு எழுத ஆசைப்பட்டேன். குடியால் கெட்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஒருத்தருக்கொருத்தர் துணையாக இருந்து, குடியை நிறுத்தும் குழுக்களின் வரலாறு அது.

நம் வாரக் கூட்டத்தில் யாராவது தவணை கட்டவில்லை என்றால் தீர்மான நோட்டில் "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதுகிறோம். அந்தச் சூழ்நிலை சாயங்காலம் ஆனால் எந்தக் கடை வாசலில் நிற்கிறது என்று உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வாய் திறந்து பேச மாட்டோம். பேசினால் மானம் போகும் என்று நினைக்கிறோம். இதைப் பேசுவதற்கென்றே உலகம் முழுக்கக் கூட்டங்கள் நடக்கின்றன. அவை நம் குழு மாதிரியேதான் நடக்கின்றன. இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறேன்.

எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது, ஆனா பேரு போடாதே" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

தறியும் குடியும்

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். ஒருத்தர் குழியில் உட்கார்ந்து நெய்ய, எதிர்ப்பக்கக் கரை நாடாவைத் தள்ள இன்னொருத்தர் வேண்டும். ஒரு ஆள் வராவிட்டால் தறி நின்றுவிடும். எங்கள் வீட்டில் அவர் நெய்வார், நான் கரை பிடிப்பேன். அவர் குடித்துவிட்டுப் படுத்த நாளில் எனக்கும் வேலை இல்லை, கூலியும் இல்லை. இரண்டு வாரம், மூன்று வாரத்தில் முடிய வேண்டிய சேலை மாதக்கணக்கில் தறியிலேயே கிடக்கும். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கடனாக ஏறும். அந்தக் கடனை நினைத்து மறுபடியும் குடிப்பார்.

நம் பக்கத்தில் குடியை நிறுத்த ஒரு பழைய வழி உண்டு, அது மாலை போடுவது. ஐயப்பனுக்கோ, முருகனுக்கோ, மேல்மருவத்தூர் அம்மனுக்கோ மாலை போட்டுவிட்டால் ஒரு மண்டலம் தொட மாட்டார்கள். எங்கள் வீட்டுக்காரரும் வருஷா வருஷம் மாலை போடுவார். அந்த நாட்களில் வீடே கோயில் மாதிரி இருக்கும். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய ராத்திரியே மறுபடியும் ஆரம்பித்துவிடும்.

"சாமிக்கு பயந்து நிறுத்துறான், சாமி பயம் போனதும் குடிக்கிறான்" என்று எங்கள் மாமியார் சொல்வார். எனக்கு வேறு மாதிரி தோன்றியது. மாலை போட்ட நாட்களில் அவர் தனியாக இருப்பதில்லை. காலையில் குளியல், சாயங்காலம் பஜனை, குருசாமி வந்து விசாரிப்பார். சுற்றி இருக்கிற பத்துப் பேரும் அதே விரதத்தில் இருப்பார்கள். மாலையைக் கழற்றியதும் அந்தப் பத்துப் பேரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கடை மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. அப்படியானால் மாலை போடாத நாளிலும் அந்தப் பத்துப் பேர் கூட இருந்தால் என்ன ஆகும்? நான் படித்துத் தெரிந்துகொண்ட வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது.

கடை திறந்த கதை, மூடிய கதை

முதலில் சட்டத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். சென்னை மாகாணத்தில் ராஜாஜி பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. (அந்தக் காலத்தில் மாகாண முதல்வரைப் பிரதமர் என்பார்கள்.) கள், சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரி கொண்டுவந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு 1948 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், மாகாணம் முழுவதும் மதுவிலக்கு ஆனது. நம் காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணா 1967 முதல் 1969 வரை முதலமைச்சராக இருந்தபோதும் அந்த மதுவிலக்கு அப்படியே இருந்தது.

1971ல் கடை திறந்தது. 1974ல் மூடியது. 1981ல் மறுபடி திறந்தது. 1983ல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 1987ல் கள்ளும் சாராயமும் நின்றது. 1990ல் மலிவு விலை மது வந்தது, 1991ல் நின்றது. 2003 நவம்பர் 29 முதல் கடைகளையும் டாஸ்மாக்கே நடத்துகிறது. எங்கள் தாத்தா காலம், அப்பா காலம், எங்கள் காலம் என்று மூன்று தலைமுறையாகத் திறப்பதும் மூடுவதுமாகவே போயிருக்கிறது.

இதில் பெண்களின் பங்கு பெரியது. 1921ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும், தங்கை கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். 1992ல் பக்கத்து ஆந்திராவில், நெல்லூர் மாவட்டம் துபகுண்டா கிராமத்தில், அறிவொளி வகுப்புக்குப் போன பெண்கள் பாடப் புத்தகத்தில் ஒரு கதை படித்தார்கள். குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்ட சீதம்மா என்ற பெண்ணின் கதை. படித்துவிட்டு ரோசம்மா என்பவர் முன்னால் நிற்க, எல்லோருமாகப் போய் ஊர்ச் சாராயக் கடையை நிறுத்தினார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திராவில் சாராயம் தடை ஆனது. சாராயத்துக்குப் போன காசை அந்தப் பெண்கள் சேமிப்புக் குழுவில் போட ஆரம்பித்தார்கள். நெல்லூரின் 'பொதுப்பு லட்சுமி' குழுக்கள் அப்படி வளர்ந்தவை. 'பொதுப்பு' என்றால் தெலுங்கில் சேமிப்பு. ஆக, குடிக்கும் மகளிர் குழுவுக்கும் ஆரம்பத்திலிருந்தே கணக்கு இருக்கிறது.

கடையை மூடச் சொல்லிப் போராடுவது நியாயம்தான். ஆனால் கடை மூடினால் மட்டும் குடிநோய் போய்விடாது. குடிக்காமல் இருக்க முடியாதவர் பக்கத்து ஊர்க் கடைக்குப் போவார், இல்லையென்றால் கள்ளச்சாராயத்தைத் தேடிப் போவார். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும், நமக்கு அடுத்த செங்கல்பட்டு மாவட்டத்திலும் விஷச்சாராயம் குடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். கடை மூடினாலும் திறந்தாலும், ஒரு ஆள் குடியை நிறுத்த இன்னொரு வழியும் வேண்டியிருக்கிறது.

அந்த வழி ஒரு போனில் ஆரம்பித்தது

அமெரிக்காவில் பில் வில்சன் என்று ஒருத்தர் இருந்தார். பங்குச் சந்தைத் தரகர். குடித்துக் குடித்து எல்லாவற்றையும் இழந்தவர். எப்படியோ நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. 1935 மே மாதம் வியாபார விஷயமாக ஆக்ரன் என்ற ஊருக்குப் போனார். அந்த வியாபாரம் கைகூடவில்லை. தெரியாத ஊர், கையில் காசு இல்லை, ஓட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மது அருந்தும் கூடம், இன்னொரு பக்கம் டெலிபோன். உள்ளே போனால் எல்லாம் முடிந்தது.

அவர் டெலிபோன் பக்கம் போனார். அந்த ஊர் சர்ச்சுகளின் பட்டியலைப் பார்த்துப் போன் போட்டு, "நான் குடியை விட்டவன். என்னோடு பேச இன்னொரு குடிகாரர் வேண்டும்" என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் ஒரு அம்மா, டாக்டர் பாப் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரை அறிமுகம் செய்துவைத்தார். அவரும் குடியால் கெட்டவர். கால் மணி நேரம்தான் உட்காருவேன் என்று சொல்லி வந்த டாக்டர் ஐந்து, ஆறு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் அவருக்கு அறிவுரை சொன்னவர்கள் நிறையப் பேர். ஆனால் "எனக்கும் இதே கதிதான்" என்று சொன்னவர் இவர்தான். 1935 ஜூன் 10 அன்று டாக்டர் கடைசியாகக் குடித்தார். அந்த நாளைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். பெயர் சொல்லிக்கொள்ளாத குடிநோயாளிகள் என்று அர்த்தம்.

அப்போது ஆஸ்பத்திரிகள் குடிகாரர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. இதே ஆக்ரனில் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரீ 1939ல் ஒரு குடிநோயாளியைத் தன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். சீட்டில் "வயிற்றுப் புண்" என்கிற மாதிரி ஒரு வியாதியை எழுதித்தான் சேர்க்க முடிந்தது. நாம் "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதுகிற மாதிரிதான். 1956ல் அமெரிக்க மருத்துவர் சங்கம், குடிக்கு அடிமையாவது ஒரு நோய், ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்று அறிவித்தது.

மனைவிகளின் குழு

பில் வில்சனின் மனைவி லோயிஸ் பற்றிப் படித்தபோது எனக்கு நம்ம வீட்டுப் பெண்ணைப் பார்த்த மாதிரி இருந்தது. புருஷன் குடித்துக்கொண்டிருந்த வருஷங்களில் ஒரு பெரிய கடையில் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர். புருஷன் குடியை நிறுத்திய பிறகும் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு நாள் "கூட்டத்துக்குக் கிளம்பு, நேரமாச்சு" என்று அவர் கூப்பிட, காலில் இருந்த செருப்பைத் தூக்கி எறிந்தார். இத்தனை வருஷம் நான் கெஞ்சி நிற்காத குடி, யாரோ தெரியாதவர்கள் பேசினால் நிற்குதா என்ற ஆத்திரம்.

பிறகு லோயிஸ் யோசித்தார். ஆண்கள் உள்ளே கூட்டம் போடும்போது மனைவிகள் வெளியே காத்துக்கொண்டு இருந்தார்கள். அவர்களைச் சேர்த்து உட்காரவைத்தார். குடிக்கிறவருக்கு மட்டும் இல்லை, அவரோடு வாழ்கிறவளுக்கும் மனசு நோய்ப்பட்டுத்தான் இருக்கிறது என்று கண்டார்கள். 1951ல் அது அல்-அனான் என்ற தனி அமைப்பாக ஆனது. குடிக்கிறவர் நிறுத்தினாலும் சரி, நிறுத்தாவிட்டாலும் சரி, வீட்டுப் பெண் அந்தக் கூட்டத்துக்குப் போகலாம்.

நம் நாட்டில்

இந்தியாவில் ஏ.ஏ. கூட்டங்கள் 1957ல் ஆரம்பித்தன. நம் தமிழ்நாட்டில் இந்த வைத்தியத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் ஒரு பெண். அவர் பெயர் சாந்தி ரங்கநாதன். டி.டி. கிருஷ்ணமாச்சாரி, மத்திய நிதியமைச்சராக இருந்தவர். அவருடைய பேரன் ரங்கநாதனுக்கு வாழ்க்கைப்பட்டவர் இவர். பணத்துக்குக் குறைவில்லாத வீடு. ஆனாலும் 1979ல் கணவர் குடியால் இறந்துபோனார். சின்ன வயசு. சாந்தி அம்மா மூலையில் உட்காரவில்லை. இந்த வைத்தியத்துக்கான பயிற்சியை எடுத்து, 1980ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அடையாறு பக்கம் டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று சொல்வது அதுதான். அங்கே குடிப்பவருக்கு வைத்தியம் பார்க்கும்போதே வீட்டுப் பெண்களுக்கும் வகுப்பு நடத்துகிறார்கள். 1992ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது மஞ்சக்குடி முகாம். கிராமத்து ஏழை ஜனங்கள் சென்னைக்கு வந்து தங்கி வைத்தியம் பார்ப்பது கஷ்டம் என்று, 1989ல் அந்த அறக்கட்டளை கிராமத்துக்கே போனது. இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிற மஞ்சக்குடியில் பதினைந்து நாள் முகாம் போட்டார்கள். ஊர்க்காரர்களே இடம் கொடுத்து, ஆட்களைத் தேடிக் கூட்டிவந்தார்கள். மனைவிகளுக்கும் தனியாகக் கூட்டம் உண்டு. முகாம் முடிந்ததும் விட்டுவிடாமல், தொடர்ந்து வந்து பார்த்தார்கள்.

1989 என்பது நமக்கும் முக்கியமான வருஷம். தமிழ்நாட்டில் தர்மபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தது அந்த வருஷம்தான். அதிலிருந்துதான் 1997-98ல் மகளிர் திட்டம் ஆரம்பித்து, படிப்படியாக எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. ஒரே வருஷத்தில் ஒரு பக்கம் பெண்கள் சேமிக்க வட்டமாக உட்கார்ந்தார்கள். இன்னொரு பக்கம் ஆண்கள் குடியை நிறுத்த வட்டமாக உட்கார்ந்தார்கள்.

நம் குழுவும் அந்தக் குழுவும்

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நமக்கு வாரக் கூட்டம், அவர்களுக்கும் வாரக் கூட்டம், குறித்த நாள், குறித்த நேரம். நாம் ஒவ்வொருத்தரும் பேச வேண்டும் என்று வைத்திருக்கிறோம், அங்கேயும் முறை வைத்துப் பேசுகிறார்கள். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்கே பேசக் கூடாது. நமக்கு ஊக்குநர், பிரதிநிதி மாறி மாறி வருவது போல அங்கேயும் பொறுப்பு மாறி மாறி வருகிறது. அங்கே முதலாளி கிடையாது.

அந்தக் கூட்டத்தில் சேரக் கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். உண்டியல் சுற்றி வரும், முடிந்தவர்கள் போடலாம். அந்தக் காசில்தான் டீ, வாடகை எல்லாம். வெளியாள் யாரிடமும் நன்கொடை வாங்க மாட்டார்கள். ஆரம்ப காலத்தில் ராக்பெல்லர் என்ற பெரும் பணக்காரரிடம் பண உதவி கேட்டார்கள். அவர் 5,000 டாலர் மட்டும் கொடுத்து, அதிகப் பணம் உங்களைக் கெடுத்துவிடும் என்றாராம். அதன் பிறகு தங்கள் காசிலேயே நடத்தப் பழகிக்கொண்டார்கள். சொந்தச் சேமிப்பு இல்லாத குழு நிற்காது என்று நமக்கும் பயிற்சியில் சொன்னார்கள் அல்லவா, அதே பாடம்தான்.

ஒரே ஒரு வித்தியாசம். நாம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறோம். அங்கே எதையும் எழுதுவதில்லை. யார் வந்தார், என்ன சொன்னார் என்பது வெளியே போகக் கூடாது. முழுப் பெயர் கேட்க மாட்டார்கள். அதனால்தான் எங்கள் வீட்டுக்காரர் பேரு போடாதே என்றார்.

எங்கள் வீட்டில் நடந்தது

நான்கு வருஷத்துக்கு முன்னால் கூட்டமைப்புக் கூட்டத்தில் வேறு ஊர்க் குழு அக்கா ஒருத்தர், சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க வூட்டுக்காரரு குடிய நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சும்மா" என்று சாதாரணமாகச் சொன்னார். எப்படிக்கா என்று கேட்டேன். முதலில் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு, அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்றார். எங்களையும் அவரே கூட்டிப் போனார்.

எங்கள் வீட்டுக்காரர் முதலில் வர மறுத்தார். "நான் என்ன பைத்தியமா?" என்றார். கூட்டம் ஒரு சர்ச் வளாகத்து அறையில் என்று தெரிந்ததும் "மதம் மாத்தப் பாக்குறாங்க" என்றார். அந்த அக்காவின் கணவர் நெற்றியில் விபூதியோடு வீட்டுக்கு வந்து, "அது இடம் மட்டும்தாம்பா. நான் ஏகாம்பரநாதரக் கும்பிட்டுட்டுத்தான் அங்க போறேன்" என்று சொன்ன பிறகுதான் கிளம்பினார். அவரும் தறிக்காரர். அட்வைஸ் எதுவும் செய்யவில்லை. முன்பணத்தை வாங்கிக் குடித்த கதை, மகள் காதணியை அடகு வைத்த கதை எல்லாம் தன்னுடையதைச் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தோம். பிறகு வாரா வாரம் கூட்டம். "ஆயுசுக்கும் குடிக்க மாட்டேன்" என்று சத்தியம் வாங்குவது அங்கே கிடையாது. இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இரு, நாளைக்கு நாளைய கணக்கு. நாலு மாதம் நன்றாக இருந்தார். வைகாசி கருட சேவை சமயத்தில் சொந்தக்காரர்கள் வந்து கூட்டிப் போய்க் குடிக்க வைத்துவிட்டார்கள். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மறுநாளே கூட்டத்து ஆட்கள் இரண்டு பேர் சைக்கிளில் வந்து, திட்டாமல், "வாப்பா, மறுபடி ஒண்ணாம் நாள்ல இருந்து எண்ணலாம்" என்று கூட்டிப் போனார்கள். மாலை கழற்றிய பிறகும் கூட இருக்கிற பத்துப் பேர் என்றால் இவர்கள்தான்.

அந்த வைகாசிக்குப் பிறகு இன்று வரைக்கும் தொடவில்லை. முன்பணக் கடன் பாதி அடைந்திருக்கிறது. பெரியவள் பிளஸ் டூ படிக்கிறாள். நாளைக்கு எப்படி என்று நான் சொல்ல முடியாது, அவரும் சொல்ல மாட்டார். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்றும் சொல்ல மாட்டேன். நான் போகிற குடும்பத்தார் கூட்டத்தில் ஒரு அக்காவின் கணவர் இன்னும் நிறுத்தவில்லை. ஆனாலும் அந்த அக்கா வருகிறார். "இங்க வந்தாத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வருது" என்பார்.

தேடுகிறவர்களுக்குச் சில விஷயங்கள்

ஒன்று, தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று வீட்டிலேயே நிறுத்தக் கூடாது. சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். பிறகு ஆள் தெரியாமல் பிதற்றலாம். உயிருக்கே ஆபத்து. அதனால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கூட்டம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டரை அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

இரண்டு, "அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று விற்கிற பொடியை வாங்கிச் சாப்பாட்டில் கலக்காதீர்கள். டைசல்பிரம் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. 1948ல் டென்மார்க் நாட்டு மருத்துவர்கள் வைத்தியத்துக்குக் கொண்டுவந்தது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் வாந்தி, படபடப்பு வந்து நெஞ்சு அடைக்கும். தெரிந்து, டாக்டர் மேற்பார்வையில் சாப்பிட்டால் அது மருந்து. தெரியாமல் கொடுத்தால் உயிரே போகலாம்.

மூன்று, கூட்டம் எங்கே நடக்கிறது என்று மனநலப் பிரிவு ஆலோசகரிடம் கேட்டால் சொல்வார். 14446 என்பது போதை மீட்புக்கான தேசிய இலவச எண். 104 நம் மாநிலச் சுகாதார உதவி எண். மன நலத்துக்கு 14416, தமிழிலேயே பேசலாம். வீட்டில் அடி உதை இருந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள், பெண்கள் உதவி எண் 181. கூட்டம் கணவரைத் திருத்துகிற வரைக்கும் அடி வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

நான்கு, முதல் தடவை போகும்போது திறந்த கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் போகலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும்.

ஐந்து, தனியார் மையத்தில் சேர்ப்பதென்றால் அரசு உரிமம் இருக்கிறதா, டாக்டர் வருகிறாரா, குடும்பத்தார் போய்ப் பார்க்க விடுகிறார்களா என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அடித்துத் திருத்துகிறோம் என்கிற இடத்தில் சேர்க்காதீர்கள்.

நம் கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள்

நம் எல்லா ஊராட்சி அளவிலான கூட்டமைப்பும் ஒரு தீர்மானம் போட்டால் நன்றாக இருக்கும். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை மனநல டாக்டர் வருகிறார், எந்த இடத்தில் எந்த நேரம் கூட்டம் நடக்கிறது என்பதை ஒரு அட்டையில் எழுதி, நலத்திட்டப் பட்டியல் மாட்டுகிற இடத்தில் மாட்டலாம். பிள்ளை படிப்புக்கும் பிரசவத்துக்கும் உள்கடன் கொடுப்பது போல, இந்த வைத்தியத்துக்குப் போகிற பஸ் செலவுக்கும், அந்தப் பத்து நாள் கூலி இல்லாத குறைக்கும் உள்கடன் கொடுக்கலாம். முதல் தடவை போகிற பெண்ணோடு, ஏற்கனவே போய்வந்த பெண் ஒருத்தி துணைக்குப் போகலாம். ஆக்ரன் ஊரில் பில் வில்சன் போன் போட்டுத் தேடியது ஒரே ஒரு துணையைத்தான்.

அப்படித் துணை வேண்டும் என்கிறவர்கள் நம் கூட்டமைப்பு அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். பெயர் சொல்ல வேண்டாம், ஊர் சொல்ல வேண்டாம், கிழமை மட்டும் சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானே கூட வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டமைப்பின் ஓர் உறுப்பினர்